நாடாப்புழு மருந்தும் புற்றுநோய்ப் பரவலும்

பழைய மருந்தைப் புதிய நோய்க்குப் பயன்படுத்திப் பார்ப்பது மருத்துவ ஆய்வில் ஒரு முக்கிய வழி. அம்மருந்தின் அளவும் பக்கவிளைவும் முன்பே தெரியும் என்பதால் காலமும் செலவும் குறையும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நிக்லோசமைடு.

1950களில் ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் உருவான இது, முதலில் சிஸ்டோசோமியாசிஸ் நோயைப் பரப்பும் நத்தைகளைக் கொல்லப் பயன்பட்டது. பின்னர் குடலில் வாழும் நாடாப்புழுவுக்கு மருந்தானது. புழுவின் மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி உருவாவதை இது தடுக்கிறது. ஆற்றலின்றிப் புழு இறக்கிறது. மருந்து குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் நோயாளிக்குப் பெரிய தீங்கில்லை.

புற்றுநோயில் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் முதலில் தோன்றிய கட்டி அன்று. அதிலிருந்து பிரியும் செல்கள் அருகிலுள்ள திசுக்களை ஊடுருவி, இரத்தத்தின் வழியே வேறு உறுப்புகளுக்குப் பரவுவதே காரணம். பெருங்குடல் புற்றுநோயில் இந்தப் பரவலுக்கு எஸ்100ஏ4 என்னும் புரதம் துணைசெய்கிறது. இப்புரத உற்பத்தியைக் குறைக்கும் பொருளைத் தேடி, பெர்லின் ஆய்வாளர்கள் 1280 சேர்மங்களைச் சோதித்தார்கள். அவற்றுள் நிக்லோசமைடு பலன் தந்தது. 2011இல் வெளியான முடிவுகளின்படி, ஆய்வகத்தில் புற்றுச் செல்களின் நகர்வும் ஊடுருவலும் குறைந்தன. எலிகளில் கல்லீரலுக்குப் பரவுவதும் குறைந்தது.

ஆனால், குடற்புழு மருந்துக்கு நன்மையாக இருந்த குணமே இங்கே குறையாகிறது. இரத்தத்தில் போதிய அளவு கலக்காத மருந்து, இரத்தத்தின் வழியே பரவும் செல்லை எப்படித் தடுக்கும்? அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் சிலரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், நாளுக்கு மூன்று வேளை 500 மில்லிகிராம் கொடுத்தும் தேவையான அளவு மருந்து இரத்தத்தில் சேரவில்லை. அளவைக் கூட்டியபோது வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகள் வந்தன. எனவே, நன்கு கலக்கும் புதிய வடிவங்களை ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். புற்றுநோய்க்கான அங்கீகாரம் பெற்ற மருந்தாக இது இன்னும் ஆகவில்லை.

"புழு மாத்திரை புற்றுநோயைக் குணமாக்கும்" என்ற செய்திகள் சமூக ஊடகங்களில் உலவுகின்றன. குடற்புழு நீக்க நாளில் நாம் பள்ளியில் வழங்குவது அல்பெண்டசோல். அது வேறு மருந்து. இத்தகைய செய்தியை நம்பி ஒருவர் மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்தினால், இழப்பது உயிராக இருக்கலாம்.

வகுப்பில் கரும்பலகையில் நான்கு படிகளை வரையலாம்: ஆய்வகச் செல், எலி, சிறு நோயாளிக் குழு, பெரிய மருத்துவ ஆய்வு. எந்த மருந்துச் செய்தியைக் கண்டாலும், "இது எந்தப் படியில் நிற்கிறது?" என்று கேட்க மாணவர்களைப் பழக்குவோம். அந்தக் கேள்வி அவர்கள் வழியே வீட்டுக்கும் செல்லும்.