சங்கத்துக் காரும் இஞ்சின் தட்டலும்

திருவள்ளூர்ப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு ஆய்வின்பொருட்டுச் சென்றிருந்தேன். கணக்குகள் ஒழுங்காகவே இருந்தன. ஆயினும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படவிருந்த தீர்மானம் ஒன்று என் கண்ணில் பட்டது. சங்கத்தின் பழைய அம்பாசிடர் கார் தட்டுவதால், அதன் இஞ்சினை முழுவதும் பிரித்துச் செப்பனிட ஐந்திலக்கத் தொகை ஒன்றை அனுமதிக்க வேண்டும் என்பதே அது. மதிப்பீட்டுத் தாளில் பேரிங், பிஸ்டன், ரிங் என வரிசையாக எழுதியிருந்ததே தவிர, அந்தச் சத்தம் எத்தகையது, எப்பொழுது எழுகிறது என்று ஒரு சொல்லும் இல்லை. அத்தொகைக்கு எத்தனை தறிகளுக்கு நூல் வாங்கலாம் என்பதை அங்கத்தினர்கள் அறிவர். தீபாவளிச் சரக்கு போகவேண்டிய நாளில் வண்டி படுத்துவிட்டால் வரும் தொல்லை வேறு. கையெழுத்திடுமுன் இன்னொருவரும் அச்சத்தத்தைக் கேட்கட்டும் என்று தலைவரிடம் சொன்னேன்.

அவ்வாரமே துணிமூட்டைகளுடன் நகருக்கு வந்த காரைப் புளியந்தோப்பில் எனக்குத் தெரிந்த வயோதிக மேஸ்திரி ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் 1996-இல் மூடப்படும்வரை அவ்வட்டாரத்தார் பலர் இயந்திர ஓசையிலேயே வாழ்ந்தவர்கள். நாடா ஓட்டத்தில் சிறு மாறுதல் நேர்ந்தாலும் தறிக்காரரின் செவி உடனே அறிந்துகொள்வதுபோல, மேஸ்திரியின் செவியும் பழகியது. இஞ்சின் மூடியைத் திறக்குமுன் டிரைவரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "எப்பத் தட்டுது தம்பி? நிக்கும்போதா, ஏறும்போதா?"

"ஏறும்போதுதாங்க மேஸ்திரி. டாப் கியர்ல மிதிச்சா கலகலன்னு கேக்குது."

தட்டல் என்ற ஒரே பெயரில் நாம் பல நோய்களைச் சொல்லிவிடுகிறோம். இஞ்சின் நின்றபடி ஓடுகையில் மேற்புறத்திலிருந்து மெல்லிய 'டிக் டிக்' ஓசை வந்தால் பெரும்பாலும் டேப்பட் இடைவெளி மிகுந்திருக்கும். காலையில் குளிர்ந்த இஞ்சினில் எழுந்து, சூடேறியதும் தணிவது பிஸ்டன் தேய்ந்து சுவரில் அறைவது. அதற்கு உடனே பதற வேண்டியதில்லை. அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த 'டொக் டொக்' மட்டுமே அஞ்சத்தக்கது. அது பிக் எண்டு அல்லது மெயின் பேரிங் தேய்வு. ஆயில் அழுத்தமும் உடன் குறைந்திருக்கும். அவ்வாறாயின் வண்டியை ஒரு மைல்கூட ஓட்டலாகாது.

மேஸ்திரி இஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பிக் எண்டு பேரிங் கெட்டிருந்தால், அதற்குரிய சிலிண்டரின் வயரைக் கழற்றியதும் அடி தணியும். இங்கோ தணிவதற்கு அடியே இல்லை. ஆயில் அழுத்தமும் சரியாகவே இருந்தது. (இப்பரீட்சை பழைய கார்களுக்கே உரியது. புதிய கார்களில் எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியைக் கெடுத்துவிடும்.) பிறகு மூவரும் ஏறிப் பேசின் பிரிட்ஜ் பாலத்து ஏற்றத்தில் டாப் கியரிலேயே சென்றோம். கோலிக்குண்டுகளைத் தகர டப்பாவில் இட்டுக் குலுக்கினாற்போன்ற சத்தம் எழுந்தது. கியரைக் குறைத்ததும் அடங்கிற்று. "இது இரும்பு தேஞ்ச சத்தமில்லீங்க சார், நெருப்புச் சத்தம்" என்றார் மேஸ்திரி.

கல்லூரியில் நான் படித்த பௌதிகம் அப்பொழுதுதான் பயன்பட்டது. அறுவடை முடிந்த வயலில் ஒரு மூலையில் தாளுக்குத் தீ வைத்தால் அது படிப்படியாகவே பரவும். மறுமூலை, தீ வந்து சேருமுன் தானாகவே பற்றிக்கொண்டால் எப்படியோ அப்படித்தான் இதுவும். பிளக்கின் பொறியிலிருந்து தீ பரவுகையில், எஞ்சியிருக்கும் பெட்ரோல் ஆவி அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் திடீரென வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டர்ச் சுவரில் மோதும் ஓசையே நமக்குக் கேட்கிறது. நாள்பட விட்டால் பிஸ்டன் தலை அரிக்கப்பட்டு, மதிப்பீட்டுத் தாளில் எழுதியது உண்மையாகிவிடவும் கூடும்.

காரணம் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்தது. வழியில் எங்கோ புதுப் பாயின்ட் போட்டவர் இடைவெளியை மிகுதியாக வைத்துவிட்டார். இடைவெளி மிகுந்தால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், பொறியும் உரிய வேளைக்கு முன்பே விழும். இருக்கவேண்டிய இடைவெளியோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மேஸ்திரி பீலர் கேஜால் அதைச் சரிசெய்து, டைமிங்கையும் திருத்தினார். சிலிண்டர் தலையில் கரி படிதல், ரேடியேட்டர் அடைப்பால் மிதமிஞ்சிச் சூடேறுதல், மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் ஆகியவற்றாலும் இதே சத்தம் வரும் என்றார்.

பெட்ரோல் இத்தட்டலைத் தாங்கும் திறனையே ஆக்டேன் எண் என்கிறோம். நம் நாட்டுச் சாதாரணப் பெட்ரோலுக்கு அது முன்பு 91-ஆக இருந்தது. ஆலை வேலைநிறுத்தத்தால் புளியந்தோப்பு கலங்கிய அதே 1921-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்குவதைக் கண்டார். இஞ்சின் பிழைத்தது, புகையை முகர்ந்த குழந்தைகளின் மூளைக்குக் கேடு வந்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் ஒழிந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் அதைக் கைவிட்டது.

இன்று அவ்வேலையில் ஒரு பங்கைச் செய்வது எத்தனால். கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்தும், மக்காச்சோளம், அரிசி முதலியவற்றிலிருந்தும் அதை வடிக்கிறார்கள். கரும்பு பயிரிடும் அங்கத்தினர்கள் இதை விசேஷமாகக் கவனிக்கலாம். அது தட்டலைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 20 சதவீதம் கலந்த இக்காலப் பெட்ரோலில் பழைய கார்களின் ரப்பர்க் குழாய்கள் ஊறிக் கெடக்கூடும். நம் அம்பாசிடரிலும் ஒரு குழாய் பிசுபிசுத்திருந்தது. அதையும் மேஸ்திரி மாற்றினார். புதிய கார்களிலோ தட்டலைத் தானே உணர்ந்து பொறியைப் பின்தள்ளும் கருவி இருப்பதால், டிரைவர் கேட்பதற்குள் சத்தம் அடங்கிவிடும். இழுவைக் குறைவு மட்டுமே தெரியும்.

திரும்புகையில் அதே ஏற்றத்தில் அதே கியரில் சென்றோம். மூட்டைகள் உரசும் சத்தம் மட்டுமே கேட்டது. மேஸ்திரியின் பில்லில் மூன்றே வரிகள்: டைமிங், பெட்ரோல் குழாய், கூலி. தீர்மானத்தைக் காரியதரிசி வாபஸ் பெற்றுக்கொண்டார். சங்கத்தின் கார் ரிப்பேர்ப் பதிவேட்டில், சத்தம் எழுந்த வேளை, கியர், இஞ்சினின் சூடு ஆகியவற்றை டிரைவர் எழுதுவதற்கென்று இப்பொழுது ஒரு பத்தி கோடிட்டிருக்கிறார்கள்.