எண்ணிக்கையும் நேரமும்: துடிப்புப் பிளாஸ்மா ஆய்வுகளில் நியூட்ரான் அளவீடு

‘இணைவு நியூட்ரான்’, ‘வெப்ப அணுக்கரு நியூட்ரான்’ ஆகிய தொடர்களை ஒருபொருட் சொற்களாகக் கொள்ளுதல் அறிவியல் மொழிபெயர்ப்பில் எளிதில் நேரக்கூடிய பிழையாகும். இவற்றின் வேறுபாடு அளவீட்டு முறைகளை நோக்கின் விளங்கும்.

இரண்டு டியூட்டிரியம் அணுக்கருக்கள் இணையும்போது, ஏறத்தாழப் பாதி நிகழ்வுகளில் 2.45 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய நியூட்ரான் வெளிப்படும். பிளாஸ்மாவின் வெப்ப இயக்கத்தால் நிகழ்வது வெப்ப அணுக்கரு இணைவு. மின்புலத்தால் முடுக்கப்பட்ட சில அயனிகள் மட்டும் பிறவற்றில் மோதியும் இணைவு நிகழலாம். அதற்குப் பிளாஸ்மா மிகு வெப்பநிலையை எட்ட வேண்டியதில்லை.

1. எண்ணிக்கை

பிளாஸ்மா குவியக் கருவி போன்றவற்றில் நியூட்ரான் துடிப்பு சில பத்து முதல் சில நூறு நானோ வினாடிகளே நீடிக்கும். அதற்குள் வரும் நியூட்ரான்களைச் சாதாரண எண்ணி தனித்தனியே பிரித்தறிய இயலாது. எனவே வெள்ளித் தகடு பயன்படுகிறது. பாரஃபினில் வேகம் குறைந்த நியூட்ரான்களை வெள்ளி கவர்ந்து கதிரியக்கம் பெறும். அதன் ஓர் ஐசோடோப்பின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 24 வினாடி. மற்றொன்றினுடையது ஏறத்தாழ 2.4 நிமிடம். துடிப்பு மறைந்தபின் இக்கதிரியக்கத்தைக் கைகர் எண்ணியால் அளந்து, மொத்த நியூட்ரான் விளைச்சலைக் கணக்கிடலாம். ஆயின் நியூட்ரான்கள் எப்போது, எவ்வாறு தோன்றின என்பதை இம்முறை உணர்த்தாது.

2. நேரம்

நேரத்தை அறிய, நியூட்ரான் பட்டவுடன் ஒளி வீசும் பிளாஸ்டிக் துண்டும், அவ்வொளியை மின்குறியாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாயும் உதவுகின்றன. 10 மீட்டர் தொலைவைப் பிளாஸ்மாவிலிருந்து வரும் எக்ஸ் கதிர் 33 நானோ வினாடியில் கடக்கும், 2.45 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்கு ஏறத்தாழ 460 நானோ வினாடி ஆகும். இவ்விடைவெளி நியூட்ரானின் ஆற்றலைத் தெரிவிக்கும். திசைக்குத் திசை ஆற்றல் மாறின், நியூட்ரான்கள் முடுக்கப்பட்ட அயனிகளால் தோன்றியவை என ஐயுறலாம்.

3. சீட்டா தரும் பாடம்

இங்கிலாந்தின் ஹார்வெல்லில் 1957-இல் இயங்கத் தொடங்கிய சீட்டா கருவியின் துடிப்புகள் இவற்றினும் நீண்டவை. ஆயின் சிக்கல் இதுவே. அதில் தோன்றிய நியூட்ரான்கள் வெப்ப அணுக்கரு இணைவால் வந்தவையாகலாம் என்ற நம்பிக்கை 1958 ஜனவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பேசில் ரோஸ் குழுவினர், மின்னோட்டத் திசையிலும் எதிர்த்திசையிலும் நியூட்ரான் ஆற்றல் வேறுபடுவதைக் கண்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் அக்கருத்து கைவிடப்பட்டது. நியூட்ரான்கள் உண்மை, அவற்றுக்கு இட்ட பெயரே தவறு.

4. கலைச்சொல் நோக்கு

மேலும் ஓர் இடர் உண்டு. பாரஃபினில் வேகம் குறைந்து, சுற்றுப்புற வெப்பநிலைக்குரிய ஆற்றலை அடைந்தது ‘வெப்ப நியூட்ரான்’. மிகு வெப்பநிலைப் பிளாஸ்மாவில் பிறந்தது ‘வெப்ப அணுக்கரு நியூட்ரான்’. முன்னது நியூட்ரானின் நிலையையும், பின்னது அதன் பிறப்பையும் சுட்டும். சுருக்கம் கருதி ‘அணுக்கரு’ என்னும் சொல்லை விட்டுவிடின் பொருள் தலைகீழாகும். பிறப்பு உறுதிப்படாத இடத்தில் ‘நியூட்ரான் விளைச்சல்’ என்று மட்டும் எழுதுவதே மூலத்திற்கு உண்மையான மொழிபெயர்ப்பாகும்.