மாத்திரைக்குப் பிறகு: மனச்சிதைவும் எட்டாத பயிற்சியும்

“மாத்திரை போட்டதிலிருந்து தனக்குத்தானே பேசுவது நின்றுவிட்டது, தம்பி. ஆனால் மூன்று சாமான் வாங்கிவரச் சொன்னால் ஒன்றோடு திரும்புகிறான். ஊரில் சோம்பேறி என்கிறார்கள்.” மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தொடர்பாக என்னிடம் வந்த தலித் தாய் ஒருவர் தம் மகனைப் பற்றிச் சொன்னது இது. சோம்பேறி, மந்தபுத்தி என்பவை சாதியச் சமூகம் நம் மக்கள்மீது நெடுங்காலமாக வீசிவரும் வசைகள். நோயின் அறிகுறியும் அந்த வசையும் ஒன்றுபோலத் தோன்றும்போது, அறிகுறியை அறிகுறியாகக் காண எவரும் முனைவதில்லை.

மனச்சிதைவு என்றதும் காதில் ஒலிக்கும் குரல்களும் காரணமற்ற ஐயங்களுமே நினைவுக்கு வருகின்றன. மருந்துகள் பெரும்பாலும் இவற்றையே கட்டுப்படுத்துகின்றன. கவனம், நினைவாற்றல், சிந்தனை வேகம், திட்டமிடல், பிறரது முகக்குறிப்பை உணர்தல் ஆகியவற்றில் இந்நோய் விளைவிக்கும் குறைபாட்டை அவை அதிகம் மாற்றுவதில்லை. ஒருவர் வேலையில் நிலைப்பதும் தனித்து வாழ்வதும் இத்திறன்களையே பெரிதும் சார்ந்துள்ளன.

இத்திறன்களை மீட்க உதவுவதே அறிதிறன் பயிற்சி. கணினியிலோ, வெறும் தாளும் பென்சிலும் கொண்டோ எளிய பணிகளில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாக்குவார்கள். கூடவே உத்திகளும் கற்பிக்கப்படும்: பட்டியலை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது, ஒரு வேலையைச் சிறு கூறுகளாகப் பிரிப்பது, மறக்கக்கூடியதை எழுதிவைப்பது. பிறகு அவற்றைக் கடைக்கும் பேருந்துக்கும் பணியிடத்துக்கும் கொண்டுசெல்லப் பழக்குவார்கள். கணினி விளையாட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இப்பயிற்சி ஆகாது.

2021-இல் ‘ஜாமா சைக்யாட்ரி’ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, 130 ஆய்வுகளில் பங்கேற்ற 8,851 பேரின் தரவுகளை ஆராய்ந்தது. அறிதிறனிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் முன்னேற்றம் இருந்தது. அது மிதமானதே, மாயமன்று. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உடனிருப்பதும், வேலைவாய்ப்பு போன்ற மறுவாழ்வுப் பணிகளோடு இணைப்பதும் பலனைக் கூட்டின. நாம் அடிக்கோடிட வேண்டியது வேறொன்று: குறைந்த ஆண்டுகளே பள்ளி சென்றவர்கள் கூடுதலாகப் பயனடைந்தனர். ‘படிக்காதவருக்கு இதெல்லாம் எதற்கு’ என்று கைவிரிப்பவர்களுக்கு இதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடுமின்றி மனநலச் சேவை பெறும் உரிமையை அளிக்கிறது. மருத்துவமனை சார்ந்த மறுவாழ்வுச் சேவைகளையும் சமூகம் சார்ந்தவற்றையும் அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர், அதற்கான அட்டை இல்லாவிடினும், கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். நடைமுறையில் பலருக்குக் கிடைப்பது மாதமொருமுறை மாத்திரைப் பொட்டலம் மட்டுமே. எனவே மறுவாழ்வுச் சேவையை எழுத்துமூலம் கேளுங்கள். மனநல நிறுவனத்தில் சேவைக் குறைபாடு இருந்தால் 28-ஆம் பிரிவின்கீழ் முதலில் அதன் பொறுப்பு மருத்துவரிடமும், தீராவிடில் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம்.

சான்றிதழுக்கான ‘ஐடியாஸ்’ அளவுகோல் தன்பராமரிப்பு, பிறரோடு பழகுதல், தொடர்பும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும், நோயின் கால அளவையும் மதிப்பிடுகிறது. மருத்துவர் “குரல் கேட்கிறதா?” என்று மட்டும் கேட்டு முடித்துவிட்டால், கடையில் மறந்துபோன இரண்டு சாமான்களைப் பற்றி நாமாகவே சொல்ல வேண்டும். அந்தத் தாய் அதுவரை மருத்துவரிடம் அதைச் சொன்னதே இல்லை. அது நோயில் சேரும் என்று அவருக்கு எவரும் கூறியிருக்கவில்லை.