ஆஃபர் லெட்டருக்கு முன்னும் பின்னும்: வளாகத் தேர்வில் நிறுவனங்களின் கடமை



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் கூடும்போது வழக்கமாக நாம் அரசமைப்பைப் பேசுவோம், மதமாற்றத்தைப் பேசுவோம். இந்த ஆண்டு அவர் பரோடாவில் பார்த்த வேலையைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். இது வளாகத் தேர்வு நடக்கும் காலம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய பையில் அதற்கான படிவம் இருக்கும்.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும்போது, படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் அந்த அரசில் வேலை பார்ப்பதாக அம்பேத்கர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். இன்றைய பேச்சில் சொன்னால் பாண்டு. அதன்படி 1917இல் வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. அரசு வீடு கேட்டும் கிடைக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதியிருக்கிறார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை கொடுத்த சாயாஜிராவ் கெய்க்வாட் அந்தக் காலத்து அரசர்களில் நல்லவர் என்று பெயரெடுத்தவர். படிக்க வைத்தவரும் அவரே. ஆனால் வேலைக்கு வருபவர் எங்கே தங்குவார், அலுவலகத்தில் எப்படி நடத்தப்படுவார் என்பதற்கு அவருடைய நிர்வாகத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. முதலாளியின் நல்லெண்ணம் ஒரு நடைமுறையாக மாறாவிட்டால் அதனால் நமக்குப் பயனில்லை. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களுக்கு எழுத்தில் நெறிமுறை வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

முதலில் தேர்வுக்கு முந்தைய கட்டம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் செய்த ஆய்வு 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் வெளியானது. நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுடன் பெயரை மட்டும் மாற்றி 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டு சுரீந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதினார்கள். தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்றார்கள் மேலாளர்கள். அவர்களே, நேர்காணலில் குடும்பப் பின்னணி கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே, இங்கே இது எப்படி நடக்கும் என்று கேட்கலாம். பெயர் சொல்லாததை முகவரி சொல்லிவிடும். ‘காலனி’ என்ற சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் அடையாளமாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தாரே, ஏன்? நம் மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: “எந்தச் சபை?” வெளியூர்க்காரருக்கு அது பக்தி விசாரிப்பு. நாகர்கோவிலில் பிறந்தவருக்கு அதன் பொருள் தெரியும். ஊரையும் சபையையும் சேர்த்துச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும்.

எனவே எங்கள் முதல் கோரிக்கை இது. தந்தையின் தொழில், சொந்த ஊர், மதம், சபை, திருமணத் திட்டம் ஆகிய எதையும் தேர்வு முடியும்வரை படிவத்திலும் கேட்கக் கூடாது, நேர்காணலிலும் கேட்கக் கூடாது. முகவரியும் சான்றிதழ் சரிபார்ப்பும் ஆஃபர் கொடுத்த பிறகு போதும். இட ஒதுக்கீடு போல, பிரதிநிதித்துவத்துக்காக நிறுவனம் சாதி விவரம் திரட்ட விரும்பினால் வரவேற்போம். அதைத் தனித்தாளில் வாங்கி, நேர்காணல் செய்பவர் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். மும்பை, டெல்லி உள்ளிட்ட ஐஐடிகள், மாணவரின் சாதிப் பிரிவைக் கேட்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருப்பதாக 2024 தொடக்கத்தில் செய்தி வந்தது. ஐஐடி சொல்லக்கூடியதை நம்மூர்க் கல்லூரியும் சொல்லலாம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு எல்லாவற்றிலும் 60 விழுக்காடு, அரியர் கூடாது, படிப்பில் இடைவெளி கூடாது என்று பல நிறுவனங்கள் விதிக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான விதி போலத்தான் தெரியும். ஆனால் அப்பா விழுந்து கையொடிந்ததால் ஒரு வருடம் செங்கல் சூளைக்குப் போன மாணவரை அது எழுத்துத் தேர்வுக்கு முன்பே வெளியே நிறுத்திவிடுகிறது. 20 வயதில் நிரல் எழுதத் தெரிந்தவருக்கு 15 வயதில் கணக்கில் என்ன மதிப்பெண் என்பது எதற்கு? இந்த விதிக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்பதை நிறுவனம் எழுத்தில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் விதியை எடுக்கட்டும். (பூல் டிரைவ் என்று எல்லாக் கல்லூரி மாணவரையும் ஓரிடத்துக்கு வரவழைத்து, இரவு பத்து மணிக்கு முடிவு சொல்வதும் இப்படித்தான். வடசேரியிலிருந்து கிராமத்துக்குப் போகும் கடைசிப் பஸ் எப்போது என்று அவர்களில் யாரும் விசாரிப்பதில்லை.)

அடுத்தது ஆஃபர் லெட்டருக்குப் பிந்தைய காலம். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இன்ஃபோசிஸ் நிறுவனம் 2022இல் ஆஃபர் கொடுத்த பட்டதாரிகள் பலரை 2024 அக்டோபரில்தான் பணியில் சேர்த்தது. 2025 பிப்ரவரியில், மைசூர் பயிற்சி வளாகத்தில், உள்தேர்வில் தேறவில்லை என்று அவர்களில் பலரை வெளியேற்றியது. 300க்கு மேற்பட்டோர் என்றது நிறுவனம். ஏறத்தாழ 700 பேர் என்றது நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு. விசாரித்த கர்நாடகத் தொழிலாளர் துறை, அவர்கள் பயிற்சியாளர்கள் என்பதால் சட்டமீறல் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. சட்டம் அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வருடக் காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே காத்திருப்பு அல்ல. வீட்டில் ஓய்வூதியம் வருபவர் காத்திருக்கலாம். கல்விக்கடன் தவணை தொடங்கிவிட்டவர் என்ன செய்வார்? ஆஃபரை நம்பி வேறு வேலையை விட்டவர்?

எனவே ஆஃபரில் சேரும் தேதி இருக்க வேண்டும். தாமதித்தால் நிறுவனம் மாதந்தோறும் ஒரு தொகை தர வேண்டும். பயிற்சியில் எத்தனை தேர்வு, எத்தனை வாய்ப்பு, தவறினால் என்ன என்பதைக் கல்லூரியிலேயே, புரியும் தமிழில் சொல்ல வேண்டும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது கூடாது. பாண்டு இருந்தால் பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவைக் காட்ட வேண்டும். அத்துடன் பரோடாவை மறக்க வேண்டாம். சென்னையிலோ பெங்களூரிலோ அட்வான்ஸ் கொடுக்கப் பணமில்லாமல், “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வீடு தேடும் ஒருவருக்கு முதல் சில வாரங்களாவது தங்குமிடம் தருவது வேலை கொடுப்பதன் பகுதிதான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2015 திருத்தத்துக்குப் பின், பொதுமக்கள் பார்க்க உரிமையுள்ள எந்த வேலையையும் பட்டியல் சாதியினர் பார்க்கவிடாமல் தடுப்பதும் அதன்படி குற்றம்தான். ஆனால் நேர்காணல் அறையில் சிரித்தபடி கேட்கப்பட்ட கேள்வியை எப்படி நிரூபிப்பது? மேலும், 1950ஆம் ஆண்டு ஆணைப்படி தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். “எந்தச் சபை?” என்ற கேள்வியால் அதிகம் அடிபடும் நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பே கிடையாது. தொழில்துறையோ 2006இல், தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற பேச்சு வந்தபோது, நாங்களே நடத்தை நெறி வகுத்துக்கொள்கிறோம் என்று முன்வந்தது. சிஐஐயும் அசோசாமும் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு அமைத்து அறிக்கையும் கொடுத்தன. அந்த நெறியைக் கையில் வைத்துக்கொண்டு வளாகத்துக்கு வந்த ஒரு நிறுவனத்தையும் நாங்கள் இதுவரை பார்க்கவில்லை.

நிறுவனத்தை நேரடியாகக் கேட்க நம்மால் முடியாமல் இருக்கலாம். கல்லூரியைக் கேட்க முடியும். அனுமதி கொடுப்பது கல்லூரிதானே. சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றின் வேலைவாய்ப்பு அலுவலரைப் பார்த்து, படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் எதற்கு என்று கேட்டோம். கம்பெனி கேட்கிறது என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டோம். பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே அடித்தது, யாரும் கேட்டதாகத் தெரியவில்லை என்றார். அந்த வருடம் கட்டத்தை எடுத்தார்கள். அலுவலர் மாறிய அடுத்த வருடம் அது திரும்ப வந்தது. மாணவர் பேரவையிலிருந்து நான்கு பேர் போய் மறுபடியும் எடுக்க வைத்தார்கள். இந்த வருடப் படிவம் வந்ததும் நான்காம் பக்கத்தைப் பாருங்கள்.