சிற்றுருப் படையும் கண்டிப் போரும்

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையின்கண் நிறுத்திப் போர்ச் சூழ்ச்சியைப் பயிலுதல் பாரத நாட்டார் கண்ட பழைய முறையாகும். சதுரங்கம் என்னும் பெயரே நான்கு உறுப்புடைய படை எனப் பொருள்படும். அவ்வாட்டம் பாரசீகம் வழியாக மேலைநாடுகட்குச் சென்று பலவாறு திரிந்து வளர்ந்தது. அதன் வழித்தோன்றல்களுள் ஒன்று, ஈயத்தாலும் நெகிழியாலும் வார்த்த சிறு வீரர்க்கு வண்ணந் தீட்டி, மேசைமேல் அமைத்த மலையிடையும் ஆற்றங்கரையிலும் அணிவகுத்துப் பண்டைப் போர்களை மீள ஆடிப்பார்க்கும் கலையாகும். இது சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றினும், உண்மையில் வரலாற்றை நுணுகிக் கற்பதற்கு ஒரு வாயிலாகும். அதனை விளக்குதற்கு நெப்போலியன் காலத்துப் போலந்துப் படையும், அக்காலத்திலேயே கண்டி மாநகரில் நிகழ்ந்த ஒரு போரும் ஏற்ற சான்றுகளாம்.

கலையின் தோற்றம்

தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்கும் தொழில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் நூரம்பேர்க்கு நகரிற் சிறப்புற்றது. ரைசுவிற்சு என்னும் பிரசிய நாட்டவர் 1812ஆம் ஆண்டில் நிலவமைப்பைக் காட்டும் மேசையொன்றைத் தம் அரசர்க்குக் காட்டிப் போர்ப்பயிற்சி ஆட்டத்தை விளக்கினார். அவர் மைந்தர் 1824இல் அதனைத் திருத்தி வெளியிட்டார். பிரசியப் படைத்தலைவர் பலர் அதனைப் பயின்றனர். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்சு 1913இல் 'சிறு போர்கள்' என்னும் பொருள்பட ஒரு நூல் எழுதி அவ்வாட்டத்தைப் பொதுமக்கள் இல்லங்களுக்குக் கொணர்ந்தார்.

இக்கால ஆட்டத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவிலான உருவங்கள் பெரிதும் வழங்குகின்றன. சராசரி உயரமுள்ள மனிதன் அவ்வளவிற் சற்றேறக்குறைய 24 மில்லிமீற்றர் உயரமாவான். ஓர் உருவம் இருபது வீரர்க்கு நிகர் எனக் கொண்டால், ஆயிரவர் அடங்கிய காவற்படையை ஐம்பது உருவங்களாற் காட்டிவிடலாம்.

தீட்டும் முறை

வார்ப்பிலிருந்து எடுத்த உருவத்தின் ஓரங்களிற் பிசிறு நிற்கும். அதனைச் சிறு அரத்தால் தேய்த்துச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துதல் முதற்படி. ஈயம் நஞ்சாதலின், அதன் தூளை மூச்சோடு உள்வாங்காதிருத்தலும் வேலை முடிந்ததும் கைகளை நன்கு கழுவுதலும் வேண்டும். பின்னர் உருவத்தைச் சிறு அட்டைமேல் ஒட்டி, முழுவதும் ஒரே நிறத்தில் மெல்லிய அடிப்பூச்சுப் பூசுதல் மரபு. அடிப்பூச்சின்றி இட்ட வண்ணம் உலோகத்தினின்றும் உரிந்துவிடும்.

இனி வண்ணத்தின் ஒழுங்கு. உடலுக்கு அண்மையில் உள்ளது முதலிலும், வெளியே உள்ளது பின்னும் தீட்டப்படல் வேண்டும். முதலில் முகமும் கைகளும், அடுத்து மேற்சட்டை, அதன்மேல் தோள்வார், ஈற்றிலே படைக்கலம். இவ்வொழுங்கு பிறழின் முடித்த பகுதிமேல் தூரிகை தவறிப் படும். அடிநிறம் காய்ந்தபின் நீர்த்த கருமையைப் பரவவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகும். மேடுகளில் வெளிறிய நிறத்தைத் தொட்டுவைத்தால் ஒளி விழுந்தாற் போலத் தோன்றும். சிற்றுருவிலே ஆழ்ந்த நிறங்கள் கருமையாகவே கண்ணுக்குப் படும். ஆதலின் கருநீலச் சட்டையை ஒருபடி வெளிறிய நீலத்தாற் காட்டுதலே உண்மைக்கு நெருங்கியதாகும். ஈற்றில் வார்னிசு பூசிக் காப்பர்.

இவையெல்லாம் கைப்பழக்கத்தால் வருவன. எந்த வீரனுக்கு எந்த நிறம், ஏன் அந்த நிறம் என்னும் வினாவிற்கு விடை நூலறிவால் மட்டுமே வரும். தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. போர்க்களத்தில் இவன் யாவன் என அறிதற்குச் சேரர் பனம்பூவையும் சோழர் ஆத்தியையும் பாண்டியர் வேம்பையும் சூடினர். வெட்சி, வஞ்சி, தும்பை என்னும் பூக்கள் போரின் வகையையே உணர்த்தின. அன்று பூ செய்த பணியை ஐரோப்பாவிற் சட்டையின் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் மார்புமடிப்பும் செய்தன.

போலந்து வீரர்

போலந்து நாட்டை உருசியா, பிரசியா, ஆசுத்திரியா என்னும் மூன்று வல்லரசுகளும் 1772, 1795 ஆகிய ஆண்டுகளிலும், அவற்றுள் உருசியாவும் பிரசியாவும் மட்டும் 1793இலும் பங்கிட்டுக்கொண்டன. மூன்றாம் பங்கீட்டோடு அந்நாடு நிலப்படத்தினின்றும் மறைந்தது. நாடிழந்த வீரர் பலர் பிரெஞ்சுக் கொடியின்கீழ் நின்று போர்புரிந்தால் தம் நாடு மீளும் என நம்பினர். 1797இல் டொம்புரொவ்சுக்கி என்னும் தளபதியின்கீழ் இத்தாலியில் அவர்தம் படை எழுந்தது. 1807இல் நெப்போலியன் வார்சோ சிற்றரசை அமைத்தபோது அவர்க்கென ஒரு தேசியப் படையும் அமைந்தது.

சதுரமான மேற்றட்டையுடைய சாப்கா என்னும் தொப்பியே இவர்தம் தனியடையாளம். விசுத்துலாப் படையினர் நீலச் சட்டையில் மஞ்சள் மடிப்பு அணிந்தனர். பேரரசனின் மெய்காவற் குதிரைவீரரோ கருநீலச் சட்டையிற் செங்கருநிற மடிப்பும் வெள்ளி அணியும் பூண்டனர். இக்காவற்படையின் புகழ் 1808 நவம்பர் 30ஆம் நாள் இசுப்பானியாவின் சோமோசியெறாக் கணவாயில் நிலைபெற்றது. பீரங்கிகள் காத்த குறுகிய மலைப்பாதையில் ஒரு சிறு பிரிவு நேரே பாய்ந்தேறி வழியைத் திறந்தது. அக்காட்சியைத் தீட்டுவோர் பலர் வீரர் கையில் ஈட்டியைக் கொடுத்துவிடுவர். அது பிழை. அப்படைக்கு ஈட்டி வழங்கப்பட்டது 1809ஆம் ஆண்டிலேயே. கணவாயில் அவர் ஏந்தியது வாள். பெயர்பெற்ற அடையாளம் ஒன்றைக் கண்டவுடன் அதனை எல்லாக் காலத்துக்கும் உரியதாக்கிவிடும் மயக்கத்திற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அதனினும் ஆழ்ந்த பாடம் ஒன்று எயிற்றித் தீவிலே உளது. அடிமைத்தளையை அறுத்தெழுந்த கறுப்பின மக்களை அடக்குதற்கு 1802, 1803 ஆகிய ஆண்டுகளிற் சுமார் ஐயாயிரம் போலந்து வீரர் அனுப்பப்பட்டனர். தம் நாட்டின் விடுதலையை நாடிப் பிரெஞ்சுக் கொடியை அடைந்தவர், பிறர் விடுதலையை ஒடுக்கும் பணியில் ஏவப்பட்டனர். மஞ்சட் காய்ச்சலால் மாண்டோர் பலர், மீண்டோர் சிலரே, வேறு சிலர் அங்கேயே தங்கினர். வெள்ளையர் நிலவுடைமை பெறலாகாதென விதித்த 1805ஆம் ஆண்டின் எயிற்றி அரசியலமைப்பு, அந்நாட்டுக் குடிகளாகிவிட்ட போலந்தியர்க்கு விலக்களித்தது. சட்டையின் நிறத்தை மட்டும் நோக்கின் அவர் பிரெஞ்சுப் பேரரசின் வீரர். உள்ளே நின்ற மனிதனை எயிற்றி மக்கள் வேறாகக் கண்டுகொண்டனர்.

கண்டி, 1803

நெப்போலியன் காலத்துப் போர் மேசையிற் கண்டிக்கும் இடமுண்டு. 1795இல் ஒல்லாந்து பிரெஞ்சுக்காரர் கைப்பட்டதனாலேயே, ஒல்லாந்தரின் இலங்கைக் கோட்டைகளை ஆங்கிலேயர் கைப்பற்றத் தொடங்கினர். 1796இல் கொழும்பு வீழ்ந்தது. 1802ஆம் ஆண்டின் அமியென் உடன்படிக்கை இலங்கைக் கரையோரத்தை ஆங்கில அரசுக்கு உறுதிசெய்தது. 1803 மே மாதத்தில் ஐரோப்பாவிற் போர் மீண்டும் மூண்டது. அடுத்த மாதமே கண்டியில் ஆங்கிலக் காவற்படை அழிந்தது.

ஆளுநர் நோத்து அவ்வாண்டின் தொடக்கத்திற் போரை ஆரம்பித்தார். கொழும்பிலிருந்து மக்டொவலும் திருகோணமலையிலிருந்து பார்பற்றும் நடத்திவந்த படைகள் பெப்பிரவரியிற் கண்டியை அடைந்தபோது நகர் வெறிச்சோடிக் கிடந்தது. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மலைப்புறம் ஒதுங்கியிருந்தான். நாயக்கர் குலத்து முத்துசாமியை ஆங்கிலேயர் அரியணையேற்றினர். அவனை ஏற்க எவரும் வந்திலர். ஏப்பிரலிற் பெரும்படை மீண்டது. எஞ்சிய காவற்படையைக் காய்ச்சல் அரித்தது. பார்பற்று நோயால் இறக்க, மேஜர் டேவி தலைமையேற்றார். ஜூன் 24ஆம் நாள் கண்டிப்படை தாக்கியது. சரணடைந்து திருகோணமலை நோக்கிப் புறப்பட்ட டேவியின் படை வட்டபுளுவையில் மகாவலி கங்கையின் பெருக்கால் தடையுண்டது. முத்துசாமியை ஒப்படைத்தும் பயனில்லை. அவனும் கொல்லப்பட்டான், 26ஆம் நாள் அப்படையின் ஐரோப்பியரும் கொல்லப்பட்டனர். கொலைக்குத் தப்பிய கோப்பிரல் பார்ன்சிலி மாத்தளை வழியிலிருந்த கோட்டையை அடைந்து செய்தியுரைத்தார். டேவி சிறையிருந்து பின்னர் கண்டி நாட்டிலேயே இறந்தார்.

இப்போரை மேசையில் அமைப்போன் முதலில் நிலத்தைக் கருதவேண்டும். இன்று நகரின் நடுவே விளங்கும் ஏரியை அதிற் காட்டலாகாது. அஃது இப்போரின் பின்னரே அவ்வரசனாற் கட்டப்பட்டது. ஏரி நின்ற இடம் அன்று வயல். மலைச்சரிவுகளில் தேயிலையும் ஆகாது. அது வாணிகப் பயிராக லூல்கந்துரையில் நடப்பட்டது 1867இல். காடடர்ந்த மலையும் ஒற்றையடிப் பாதையும் பெருகிய ஆறுமே அன்றைய நிலம்.

அடுத்து வீரர். ஆங்கிலப் படையின் 19ஆம் பிரிவினர் செஞ்சட்டையிற் பச்சை மடிப்பு அணிந்தவர். கண்டி அரசனின் படையிற் பெரும்பாலோர் நிலத்திற்கு ஈடாகப் பணிபுரிந்த குடிமக்கள். அவர்க்குச் சீருடையில்லை, அரையில் துணி, தலையிற் கட்டு, கையில் துப்பாக்கியோ வில்லோ ஈட்டியோ. முக்காலியிற் பொருத்திய கொடித்துவக்கு என்னும் சிறு பீரங்கியை மலைப்பாதைகளில் எளிதாகத் தூக்கிச் சென்றனர். அழகின்பொருட்டு இவர்களை ஒரே நிறத்தில் தீட்டுவது பொய்யாகும். ஐம்பது உருவங்களுக்கு ஐம்பது வகையான துணி தேவை. கண்டிக்கு அண்மையில் உள்ள தெகல்தொருவைக் குகைக்கோயிலின் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களில் துப்பாக்கியேந்திய உருவங்கள் உள. அவையே தீட்டுவோனுக்கு அண்மையான ஆசிரியர்.

மூன்றாவது, மலாய் வீரர். யாவா முதலிய தீவுகளிலிருந்து ஒல்லாந்தராற் கொணரப்பட்டு, 1796இன் பின் ஆங்கிலப் பணியில் அமர்ந்தவர் இவர். டேவியின் படையிற் பெரும்பகுதி இவர்களே. அரசன் பக்கத்திலும் மலாய் வீரர் இருந்தனர். ஒரே மொழியினர் இருபுறமும் நின்று பொருதனர். மலாய்த் தலைவர் நூர்டீன் சிறைப்பட்டபோது, தம் பணியில் அமருமாறு அரசன் அழைத்தும் மறுத்தார். அதன்பொருட்டே தம் உடன்பிறந்தாரோடு உயிரிழந்தார். போலந்தியன்போல அவரும் பிறர் சட்டையை அணிந்தவரே. ஆயினும் அச்சட்டைக்குத் தாம் சொன்ன சொல்லைத் தம் உயிரினும் பெரிதாக மதித்தார்.

மேசை கற்பிப்பது

இப்போரை ஆடுவோர், சுடுதலுக்கும் வெட்டுதலுக்கும் மட்டுமே விதி வகுத்தால் எளிதில் ஆங்கிலப் படை வெல்லும். உண்மையில் நிகழ்ந்தது அஃதன்று. ஒவ்வொரு வாரத்துக்கும் பகடை உருட்டி நோயாளரை வரிசையினின்றும் அகற்றும் விதியும், மழை பெய்தால் ஆறு கடத்தற்கரிதாகும் விதியும், உணவு கொணர்வோர் ஓடிவிடும் விதியும் வேண்டும். அவற்றைச் சேர்த்தவுடன் பெப்பிரவரியில் வெற்றி எனத் தோன்றியது ஜூனில் ஏன் அழிவாயிற்று என்பது தானே விளங்கும். நகரைப் பிடித்தல் நாட்டைப் பிடித்தலாகாது என்னும் உண்மையை மாணவன் தன் கையாலேயே அறிவான்.

1815 பெப்பிரவரியில் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர்; கண்டிப் பிரதானிகளின் துணை அவர்க்கிருந்தது. மார்ச்சு 2ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தானது. அரசன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் வோட்டர்லூவில் நெப்போலியன் வீழ்ந்தான். வோட்டர்லூவை மேசையில் ஆடுவோர் உலகெங்கும் பலர். வட்டபுளுவையை ஆடுவோர் அரியர்.

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டியது தமிழர் மரபு. வட்டபுளுவையில் டேவியின் பெயரால் ஒரு நினைவுக்கல் உளது. அங்கு நின்ற மலாய் வீரனுக்கும், எதிரே காட்டோரம் நின்ற உழவனுக்கும், பீரங்கி இழுத்த இந்தியப் பணியாளனுக்கும் தனித்தனியே கல் இல்லை. விரற்கடை உயரமுள்ள உருவமொன்றைக் கையிலெடுத்து, இவன் யாவன், எந்நாட்டினன், எவர் சட்டையை ஏன் அணிந்தான் என வினவி, விடை கண்டபின் தூரிகையைத் தொடும் மாணவன், அவர்களையும் எண்ணத்தில் நிறுத்தியவனாவான்.