டாக்டர் ஹூ: படம் போச்சு, சத்தம் மிச்சம்

என் லேப்டாப்ல ஒட்டியிருக்கிற நீலப் பெட்டி ஸ்டிக்கரைப் பார்த்துட்டு, "என்னடா இது, டெலிபோன் பூத்தா?" என்று கேட்காதவர்கள் ஹாஸ்டலில் இல்லை. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிடறேன்.

அதன் பெயர் 'டார்டிஸ்'. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் வரும் கால இயந்திரம். வெளியே பார்த்தால் ஒரு ஆள் நிற்கிற அளவு போலீஸ் பெட்டி. உள்ளே போனால் பெரிய ஹால். அதில் ஏறி 'டாக்டர்' என்கிற வேற்றுக் கிரகவாசி எந்த ஊருக்கும், எந்த வருஷத்துக்கும் போவார். 1963-ல் ஆரம்பித்து 1989 வரை ஓடிய தொடர், 2005-ல் மறுபடியும் தொடங்கியது.

முதலில் நாலு துணுக்குகள்:

1. முதல் எபிசோட் வந்த நாள் 1963 நவம்பர் 23. முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதனால் அடுத்த வாரம், இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடையே திரும்பப் போட்டார்கள்.

2. அந்த முதல் கதையின் இயக்குநர் வாரிஸ் ஹுசேன், நம்ம லக்னோவில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட்டுக்கு 27. நம்மைவிட கொஞ்சம்தான் பெரியவங்க!

3. டார்டிஸ் கிளம்பும்போது வருமே ஒரு கரகர சத்தம், அது பழைய பியானோவின் கம்பியில் வீட்டுச் சாவியைத் தேய்த்து எடுத்தது. செய்தவர் பிரையன் ஹாட்ஜ்சன்.

4. 1966-ல் ஹீரோ வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு சரியில்லை. தொடரை நிறுத்தாமல், 'டாக்டரின் உடம்பே மாறும்' என்று கதையை மாற்றி, பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை தொடர் ஓடுவதற்கு அந்த ஐடியாதான் காரணம்.

இதுவரை ஜாலி. இனி சொல்லப்போவது கொஞ்சம் வலிக்கும். ஹார்ட்னெல் ட்ரௌட்டனாக மாறும் அந்த எபிசோட் இன்று யாரிடமும் இல்லை. மாறுகிற காட்சி மட்டும் 'ப்ளூ பீட்டர்' என்கிற குழந்தைகள் நிகழ்ச்சியில் எடுத்துப் போட்டதால் தப்பித்தது. முதல் ஆறு வருஷத்தில் வந்தவை மொத்தம் 253 எபிசோடுகள். அதில் நூறு எபிசோடு அளவுக்குக் காணோம்.

திருடு போகலை, தீப்பிடிக்கலை. பிபிசியே அழித்தது. அன்றைக்கு வீடியோ டேப் ரொம்ப விலை. ஒளிபரப்பு முடிந்ததும் பழையதை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வார்கள். வெளிநாட்டுக்கு விற்க 16 மி.மீ. ஃபிலிம் பிரதிகள் எடுத்தார்கள்தான். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவற்றிலும் பலவற்றைத் தூக்கிப் போட்டார்கள். கலர் டிவி வந்த பிறகு கறுப்பு வெள்ளையை யார் வாங்குவார்கள் என்ற எண்ணம் வேறு. வீட்டிலேயே வீடியோ போட்டுப் பார்க்கும் காலம் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. 1978 வாக்கில்தான் அழிப்பது நின்றது.

அப்புறம் மிச்சத்தைக் காப்பாற்றியது யார்? பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து பார்த்த பசங்கள். டிவி முன்னால் மைக்கை வைத்து, டேப் ரெக்கார்டரில் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதனால் காணாமல் போன ஒவ்வொரு எபிசோடுக்கும் சத்தம் இன்றும் இருக்கிறது! 2016-ல் 'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதைக்கு அந்தச் சத்தத்தோடு அனிமேஷன் சேர்த்து வெளியிட்டார்கள்.

நம்ம லக்னோக்காரர் கதையும் இதில் உண்டு. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்த மார்கோ போலோ ஞாபகம் இருக்கா? 1964-ல் டாக்டர் அவரைச் சந்திக்கிற ஏழு எபிசோட் கதையில், ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வாரிஸ் ஹுசேன் இயக்கியது. ஏழுமே போச்சு. ஆனால் ஜான் கியூரா என்பவர் ஓடிக்கொண்டிருக்கும் டிவி திரையை ஸ்டில் கேமராவில் படம் எடுத்து, இயக்குநர்களுக்கு விற்பார். ஹுசேன் தன் ஆறு எபிசோடுகளின் படங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அவை கிடைத்துவிட்டன. வேறொருவர் இயக்கிய அந்த ஒரு எபிசோடுக்குப் படம்கூட இல்லை.

2013-ல் இன்னொரு அதிசயம். நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில், ஒரு டிவி நிலையத்தின் அறையில் தூசி படிந்து கிடந்த ஃபிலிம் டப்பாக்களில் 9 எபிசோடுகள் கிடைத்தன. கண்டுபிடித்தவர் பிலிப் மோரிஸ். லண்டனில் இல்லாதது ஆப்பிரிக்காவில் இருந்தது, ஒரு காப்பி அங்கே போயிருந்ததால்.

"எங்கேயோ ஒரு சீரியல் அழிஞ்சா நமக்கென்ன" என்று கேட்கலாம். நானும் கேட்டிருப்பேன்.

எங்க ஆயா வீடு கல்வராயன் மலையில். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலை பஸ்ஸில் ஏறணும். செகண்ட் இயர் லீவில் போனப்போ, ஆயா உலக்கையைப் பிடிச்சு சாமை குத்திக்கிட்டே ஒரு பாட்டு பாடுச்சு. முழுசா வீடியோ எடுத்தேன். அடுத்த செமஸ்டரில் போன் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்றது. மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பதால், ஊருக்குப் போகும்முன் இந்தத் தொடரின் ஒரு சீசனை டவுன்லோட் பண்ணணும். இடம் வேணுமே என்று பழைய வீடியோக்களை மொத்தமா செலக்ட் பண்ணி டெலிட் பண்ணினேன். அதில் ஆயாவும் இருந்துச்சு.

போன வருஷம் ஆயா தவறிடுச்சு. பிபிசி செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவங்களுக்கு டேப் விலை. எனக்கு 6 ஜிபி. மாமா பையன் போனில் ஒரு நிமிஷ வாய்ஸ் கிளிப் மட்டும் இருந்தது. பாட்டில் பாதி, உலக்கைச் சத்தத்தில் மீதி. இப்போ அதை மூணு இடத்தில் வைத்திருக்கிறேன்.

நாமெல்லாம் இன்ஜினியரிங் பசங்க. ஒரே இடத்தில் இருப்பது பேக்கப் இல்லை என்று கிளாஸிலேயே படிச்சோம். இந்த லீவுக்கு ஊருக்குப் போனா, வீட்டுப் பெரியவங்க பேசுறதை ஒரு பத்து நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. ஒரு காப்பியை வேறு யாருக்காவது அனுப்பி வையுங்க. உங்களுக்கு ஒரு ஜோஸ் வேணும்.