காடி மூடும் முன்னே

கம்பெனி வீடாகிறது – 11

பெருமாநல்லூர் நால்ரோட்டிலிருந்து எந்தத் திசையில் போனாலும் இப்படியொரு கட்டடம் கண்ணில் படும். கீழ்த்தளத்தில் நிட்டிங் ஓடியிருக்கும், அதற்கு மேல் தையல், அதற்கும் மேல் செக்கிங்கும் பேக்கிங்கும். ஆர்டர் குறைந்தோ, பெரிய வளாகத்துக்கு இடம் மாறியோ, கம்பெனி காலி செய்திருக்கும். பில்லரும் பீமும் இன்னும் ஐம்பது வருடம் தாங்கும் என்பதால் உரிமையாளர் அதை வீடுகளாகப் பிரிக்க நினைக்கிறார். தளத்துக்கு நான்கு வீடு, மூன்று தளம், மொத்தம் பன்னிரண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் போகும் வழியைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் இணையமும் தொலைபேசியும்.

இதை எல்லாரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெயின்ட் அடித்து, பால் காய்ச்சி, ஆள் குடிவந்த பிறகுதான் கேபிள்காரர் வருகிறார். அவர் மொட்டைமாடியிலிருந்து ஒரு கருப்பு ஒயரைத் தொங்கவிட்டு, ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டு உள்ளே நுழைக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் வேறு கம்பெனியில் எடுக்கிறார். இன்னொரு ஒயர், இன்னோர் ஓட்டை. மழை பெய்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறுகிறது. ஓட்டை போட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. வேறு வழியே வைக்காமல் கட்டடத்தை ஒப்படைத்துவிட்டோமே, அவர் எங்கே போவார்?

புது வீடு கட்டும்போது தளத்துக்குக் கம்பி கட்டியதும் பைப்பைப் படுக்க வைத்து, அதன் மேல் கான்கிரீட் போட்டுவிடலாம். பழைய கம்பெனிக் கட்டடத்தில் அந்த வாய்ப்பு முடிந்துபோனது. மிச்சமிருப்பது சுவர்தான், அதிலும் கவனம் வேண்டும். செங்கல் சுவரில் காடி வெட்ட ஐ.எஸ். 1905 என்ற இந்தியத் தரக் குறிப்பு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நெட்டுவாக்கில் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை வெட்டலாம். படுக்கைவாக்கில் ஆறில் ஒரு பங்குதான். ஒன்பது அங்குலச் சுவரில் படுக்கையாக ஒன்றரை அங்குலம் கிடைக்கும், ஓர் அங்குலப் பைப் தாராளமாக உட்காரும். வீட்டையும் வீட்டையும் பிரிக்கப் புதிதாக எழுப்பும் நாலரை அங்குலச் சுவரில் முக்கால் அங்குலத்துக்கு மேல் படுக்கைக் காடி கூடாது. இந்தக் கணக்கு பிடிபட்டால் வேலை எப்படிப் போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்: படுக்கையாகப் போவதெல்லாம் வராந்தாக் கூரையை ஒட்டி, சுவருக்கு வெளியே, சுவருக்குள் போவது மேலிருந்து நேராகக் கீழே இறங்கும் துண்டு மட்டும். பில்லரிலும் பீமிலும் உளி படவே கூடாது. தளத்தில் ஓட்டை வேண்டுமென்றால் கட்டட இன்ஜினீயரிடம் கேட்டு, கம்பி இல்லாத இடம் பார்த்துக் கோர் கட்டிங் போட வேண்டும்.

பழைய கம்பெனியாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. தையல் லைனுக்கு மேலே ட்யூப்லைட்டும் பிளக்கும் பொருத்திய இரும்புச் சேனல்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஒருமுறை பாருங்கள். துருவெடுக்காமல் நேராக இருப்பவை வராந்தாவில் கேபிள் டிரேயாகப் பயன்படும்.

வழியைச் சொல்கிறேன். தெருப்பக்கம், தரைமட்டத்துக்கு மேலே, மழை படாத இடத்தில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. எந்தக் கம்பெனி வந்தாலும் அதன் ஒயர் அந்தப் பெட்டியோடு நிற்க வேண்டும். அங்கிருந்து மாடிப்படி ஓரமாக மேல்தளம் வரை இரண்டங்குல பைப் மூன்று. ஒன்று இப்போதைக்கு, ஒன்று கேமராவுக்கும் கேட் இன்டர்காமுக்கும், மூன்றாவது காலி. அந்தக் காலி பைப்புக்குச் செலவழிக்கத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். பத்து வருடம் கழித்துக் கட்டடத்தைக் காப்பாற்றப்போவது அதுதான். தளத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஓர் அங்குல பைப். பைப்புக்குள் நைலான் கயிறு ஒன்று கிடக்கட்டும், பின்னால் ஒயர் இழுக்க அதுவே போதும். முடுக்கில் எல்போ வேண்டாம், நீளமான பெண்டு போடச் சொல்லுங்கள். இரண்டு வளைவுக்கு ஒரு பெட்டி இல்லையென்றால் ஒயர் இழுக்கும்போது சிக்கும். பைப் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் சுற்றியுள்ள இடைவெளியைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்க வேண்டும். கீழே புகை கிளம்பினால் அந்த இடைவெளி வழியேதான் மேல் வீட்டுக்கு ஏறும்.

வளைவைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம், உள்ளே போகப்போவது கண்ணாடி இழை. தெருவில் வரும் ஓர் இழையின் ஒளியை ஸ்ப்ளிட்டர் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் ஒளி பாதியாகும், அதாவது 3 டெசிபெல் இழப்பு. 32 வீட்டுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 17 டெசிபெல் அங்கேயே போய்விடும். வழக்கமான ஜிபான் இணைப்பில் மொத்தம் தாங்கும் இழப்பு 28 டெசிபெல். மீதமுள்ளதில்தான் தெரு நீளமும் ஒட்டும் இணைப்பும் உங்கள் கட்டடத்து முடுக்கும் அடங்க வேண்டும். ஜி.652 என்ற பழைய ரக இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது, ஜி.657.ஏ2 ரகம் 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். வீட்டுக்குள் இழுக்க இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும் தெருவிலிருந்து வரும் டிராப் கேபிளில் இழையோடு இரும்புக் கம்பி ஒன்று சேர்ந்து வரும். அதை வெளிப்பெட்டியில் வெட்டிவிட்டு இழையை மட்டும் உள்ளே விட்டால் இடியும் வெளியே நின்றுவிடும்.

“இப்பெல்லாம் வைஃபைதானுங்களே, வயர் எதுக்குங்கண்ணா?” என்று எலக்ட்ரீசியனும் கேட்பார், உரிமையாளரும் கேட்பார். நியாயமான கேள்வி. வைஃபை 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. பன்னிரண்டு வீட்டில் பன்னிரண்டு ரவுட்டர் வைத்தால் நாலு வீடு ஒரே சேனலில் முட்டிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்சில் இடம் அதிகம், ஆனால் செங்கல்லையும் கான்கிரீட்டையும் தாண்டும் வலு குறைவு. மேல்தளத்துக்குத் தகரக் கூரை இருந்தால் மொபைல் சிக்னலே உள்ளே வரத் திணறும், அழைப்பும் வைஃபை வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் டிவி இருக்கும் சுவருக்கும், மேஜை போடும் மூலைக்கும் கேட்6 ஒயர் ஒன்று இழுத்து வையுங்கள். நகராத பொருளெல்லாம் ஒயரில் ஓடினால் கைபேசிக்குக் காற்றில் இடம் கிடைக்கும். கேட்6 வாங்கும்போது முழுச் செம்பு என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய ஒயர் விலை மலிவு; கேமராவுக்கு அதன் வழியே கரண்ட் கொடுத்தால் சூடாகும், வளைத்தால் முறியும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கவே கூடாது. பக்கத்தில் போனால் ஓரடி தள்ளி, குறுக்கே கடந்தால் நேர்க்கோணத்தில். லேண்ட்லைன் வேண்டுவோருக்குத் தனி ஒயர் தேவையில்லை. இப்போது குரலும் அதே இழையில் வந்து ரவுட்டரில் உள்ள போன் துளையில் கிடைக்கிறது.

வீட்டு வாசல் பெட்டிக்குள் ஒரு பிளக் பாயின்ட் கட்டாயம். அதை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் ரவுட்டர் ஒரு பல்பு அளவுதான் கரண்ட் எடுக்கும். கரண்ட் போன நேரத்தில் இணையம் இருந்தால் அதன் அருமை தெரியும்.

இதெல்லாம் ஆடம்பரமா? மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூனில் உழவர்கள் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்ட ஊர் பெருமாநல்லூர். கம்பியில் வருவது பிழைப்போடு எவ்வளவு பிணைந்தது என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வீடுகளுக்குக் குடிவரப்போகிறவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தையலுக்கு வந்தவர்கள் இருப்பார்கள். ஊரில் விட்டுவந்த பிள்ளையின் முகத்தை இரவு ஷிப்ட் முடிந்து பார்ப்பது இந்த இழை வழியாகத்தான். அவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடு என்பதற்காகவே இதைக் குறைத்துக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் பனியன் கப்பல் ஏறிப் போகும் ஐரோப்பிய ஒன்றியம் இதை 2014-இலேயே சட்டமாக்கியது. 2016 டிசம்பர் 31-க்குப் பிறகு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் புதுக் கட்டடங்கள் மட்டுமல்ல, பெரிய அளவில் மாற்றிக் கட்டும் பழைய கட்டடங்களும் அதிவேக இணையத்துக்கான உள்வழியோடு இருக்க வேண்டும் என்றது. அடுக்குவீடுகளில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நுழைவிடமும் வேண்டும். இங்கே 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தகவல் தொடர்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2024 அக்டோபரில் டிராய், கட்டடங்களின் இணைய வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. அதில் சேர்வது உரிமையாளரின் விருப்பம். விருப்பம் என்று விட்டால் காடி மூடிய பிறகுதான் நினைவு வரும் என்பது என் கருத்து. மாற்றிக் கட்ட அனுமதி தரும்போதே இதைக் கேட்க வேண்டும்.

எழுத்தில் வைக்க வேண்டியது ஒன்று. ஒரே கம்பெனி வந்து, “பைப்பும் ஒயரும் நாங்களே இலவசமாகப் போடுகிறோம், வேறு யாரையும் விடாதீர்கள்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பைப் கட்டடத்துக்குச் சொந்தம். அதற்குள் யாருடைய இழை போக வேண்டும் என்பதைக் குடியிருப்பவர் முடிவு செய்யட்டும். உங்கள் பெயரில் ஓர் இணைப்பு எடுத்துப் பன்னிரண்டு வீட்டுக்கும் பிரித்துக் காசு வாங்குவதும் வேண்டாம். உரிமமின்றி இணையம் விற்கக் கூடாது, ஏதாவது வழக்கு வந்தால் முதலில் விசாரிக்கப்படுவதும் நீங்கள்தான்.

கொத்தனார் பூச்சு போட வரும் முந்தின நாள், திறந்திருக்கும் ஒவ்வொரு காடியிலும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப் பிடித்துப் போட்டோ எடுங்கள். வீட்டு எண் போட்டு அச்செடுத்து ஒன்றை மீட்டர் பெட்டியிலும் ஒன்றைப் பத்திரத்தோடும் வையுங்கள். அந்த மீட்டர் பெட்டியை எங்கே வைப்பது, கம்பெனிக் கரண்ட் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றுவது எப்படி என்பது அடுத்த வாரம்.